ஆற்று மீனும் என் வலது கையும்

ஈரத் துணியைக் கல்லில் ஒரு தடவை ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். என் கையிலிருந்து நழுவிய திலாப்பியா பாறையில் விழுந்து, கொஞ்சம் துள்ளி, பிறகு அசையாமல் கிடந்தது.

"பரவாயில்ல வசந்தா," என்றார் என் கணவர் தேவராஜ். குனிந்து மீனை எடுத்தார். ஆற்றுத் தண்ணீருக்குள் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். செவுள் திறக்கவில்லை. வெள்ளை வயிறு மேலே திரும்பிக்கொண்டது.

"இனிமே நீ தூண்டில மட்டும் புடிச்சிக்க. மீன நான் கழட்டி விடுறேன்."

"தொடாதீங்க," என்றேன்.

"என்னா?"

"என் தூண்டில்ல வர்ற மீன நீங்க தொடாதீங்க. நான்தான் கழட்டுவேன்."

நோய்க்குப் பிறகு என் பேச்சு கொஞ்சம் குழறும். அந்த இரண்டு வாக்கியமும் குழறாமல் வந்தன. அவர் என்னைப் பார்த்தார், கையில் கிடந்த மீனைப் பார்த்தார், அதைப் பாறை மேல் வைத்தார்.

குண்டசாலையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மகாவலி ஓடுகிறது. அந்த மூங்கில் கரையில்தான் இது நடந்தது. காலை வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. என் வலது உள்ளங்கையில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. தோலுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் பிடித்த குடை

போன வாரப் பத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டுமே. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு மத்தியானம் கடையில் நின்றபடியே பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் இழுத்து விழுந்தேன். உயிர் தப்பியது. கால் சீக்கிரமே தேறியது. வலது கை மட்டும் வரமாட்டேன் என்றது.

கை இருந்தது. தூக்கினால் தொங்கியது. விரலை மடக்கினால் பாதியில் நின்றது. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. யாரோ ஒருவருடைய கையை என் தோளில் தைத்து விட்டது போல இருந்தது.

ஒரு நாள் கிளினிக் போய்விட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறேன். பஸ்ஸில் சரியான சனம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியவர் இறங்கப் பார்க்கிறார், முடியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். கடைசியில் கூட வந்த என் கணவர்தான் கண்டார். நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெரியவருடைய குடையை.

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவை மூடிக்கொண்டு அழுதேன்.

கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற மிஸ் ஒரு பஞ்சுப் பந்து தந்திருந்தார். நாளெல்லாம் அமுக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு பந்தை அமுக்குகிற ஒருத்தியாக என்னை என்னாலேயே பார்க்க முடியவில்லை. அதைக் கண்டுதான் என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, ஆத்துக்குப் போவோம். சும்மா பாத்துக்கிட்டு இரு," என்று கூட்டிப் போனார்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. இரைக்குப் பாண் ரொட்டியைப் பிசைகிற வேலையை முதலில் பிடுங்கிக்கொண்டேன். பிறகு தூண்டிலையும் பிடுங்கிக்கொண்டேன்.

மீன் தின்னாத மீன்பிடிகாரர்

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவரும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். அங்கே ஓடையில் மீன் கிடைத்தால் அது நேராகச் சட்டிக்குப் போகும். அதைப் பற்றி யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. கலியாணத்துக்குப் பிறகு டவுன் பக்கம் வந்தோம். அவர் தண்ணீர்ப் பம்பு திருத்தப் பழகினார். ஆற்றோர வீடுகளில் வேலை செய்யும்போது தூண்டில் ஆசை பிடித்துக்கொண்டது. பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவார், நான் ஆக்கிப் போடுவேன்.

ஒரு வருஷம், ஆறு வற்றிக் கிடந்த நேரம், ஒரு பெரிய மீனோடு வந்தார். பொன் நிறத்தில் அகலமான செதில். சிங்களத்தில் லேஹெல்லா என்பார்கள். நான் வயிற்றைக் கீறினேன். உள்ளே முட்டை. இரண்டு கையாலும் அள்ள வேண்டிய அளவுக்கு முட்டை.

நான் அதைப் பொரித்தேன். என்ன செய்வது, மிளகுத்தூள் போட்டுப் பொரித்தால் ருசியான சாமான். அவர் பீங்கான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஆற்று மீன் தின்பதில்லை. ஆனால் தூண்டிலை விடவில்லை. பிடிப்பார், விடுவார். தூண்டில் முள்ளின் உள்பக்கத்தில் இருக்கிற சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைப்பார், கழற்றும்போது வாய் கிழியாமல் இருக்க. மீனைத் தொடுமுன் கையை நனைப்பார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறவர் மாதிரி அவ்வளவு பக்குவம்.

"நான் பாத்த மீன் நாளைக்கும் ஆத்துல இருக்கணும்," என்பார்.

இதைக் கேட்டால் பக்கத்து வீட்டு ஃபரீனா தாத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் அப்படித்தான். புருஷன் டவுனில் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறார். வாயும் மனசும் பெரியவை.

"தேவராஜ் தம்பி, நான் செல்றத கேளுங்கோ," என்பார் மதிலுக்கு மேலால். "தின்றதுக்குப் புடிச்சா அது அல்லாஹ் தந்த சாப்பாடு. வெளாட்டுக்குப் புடிச்சி, வாயில முள்ளக் குத்தி, பொறகு போ போன்னு விட்டா? உசிர நோவின செய்யிறது இல்லியா அது?"

"உசிரோட போவுதுதானே தாத்தா?"

"உங்கட வாயில ஒரு முள்ளப் போட்டு இழுத்து, உசிரோட விட்டுடறேன். சரியா?"

அவர் அந்த முட்டைக் கதையை எடுப்பார். தாத்தா மறுபடியும் முள்ளுக்கே வருவார். வருஷக் கணக்காக இது ஓடிக்கொண்டிருந்தது. நான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திலாப்பியா கல்லில் விழுகிற வரைக்கும் எனக்கு அதில் பக்கம் எதுவும் இருக்கவில்லை.

ஆணி அடித்த பலகை

செத்த மீனைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"ஆத்துலயே போட்டிருக்கலாம். ஆமையாவது தின்னும்," என்றார்.

"நான் கொன்னத நான் திங்கிறேன்."

மதிலுக்கு மேலால் ஃபரீனா தாத்தாவின் தலை தெரிந்தது. "கொண்டாங்கோ தங்கச்சி, நான் கழுவித் தாறேன்."

"வேணாம் தாத்தா. நானே கழுவுறேன்."

சொல்லிவிட்டேன். செய்வது எப்படி? ஒரு கையால் கத்தியைப் பிடித்தால் மீன் குசினி முழுக்க, அடுப்படி வரைக்கும் ஓடுகிறது. மீனைப் பிடித்தால் கத்தி இல்லை. வலது கையை மீன் மேல் வைத்தால் அது வெறும் பாரமாகக் கிடக்கிறது, பிடிக்கிறதில்லை. யோசித்துப் பார்த்தேன். பழைய பலகை ஒன்றை எடுத்து, அவரைக் கூப்பிட்டு, அடிப்பக்கத்திலிருந்து ஆணி ஒன்றை அடித்துத் தரச் சொன்னேன். எதற்கென்று கேட்கவில்லை. அடித்துத் தந்தார். மீனின் தலையை அந்த ஆணியில் அழுத்திக் குத்தினேன். இனி எங்கே ஓடும்?

இடது கையால் செதிலைச் சுரண்டினேன். தலைமயிரில், சுவரில், அடுப்பில் எல்லாம் செதில். வயிற்றைக் கீற எடுத்த நேரத்தில் ஒரு சம்பலே அரைத்துவிடலாம். முதுகுத் துடுப்புச் செட்டை குத்தி இடது கையில் ரத்தம். வாசலில் பூனை ஒன்று வந்து, பார்த்துப் பார்த்து, அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

கொறுக்காய்ப் புளி, மிளகு, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். சோறும் கறியும் மேசைக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவருக்குப் பருப்பும் முட்டையும். எனக்கு என் மீன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இடது கையால் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டேன். ஆனால் ஆற்று மீனைக் கரண்டியால் சாப்பிட முடியாது. சதைக்குள் மயிர் மாதிரி முள். விரலால் நெருடித்தான் எடுக்க வேண்டும். கரண்டியை வைத்துவிட்டு வலது கையைச் சோற்றில் வைத்தேன். அது சோற்றில் படுத்தது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, கண்ணால் பார்த்துப் பார்த்து, சதையை நசுக்கினேன். முள் ஒன்று. எடுத்து ஓரத்தில் வைத்தேன். இன்னொன்று. கறி ஆறிப்போய் மேலே எண்ணெய் படிந்துவிட்டது.

அப்போது குத்தியது.

ஆட்காட்டி விரலின் நுனியில், சுருக்கென்று. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு நான் போட்ட சத்தத்தில் அவர் பீங்கானைத் தட்டிவிட்டு எழும்பினார்.

"என்னா, தொண்டையில மாட்டிருச்சா?"

"குத்துது! விரல்ல குத்துது! எனக்கு வலிக்குதுங்க!"

அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளை எடுக்கப் போனார். "எடுக்காதீங்க, கொஞ்சம் இருக்கட்டும்," என்றேன். பைத்தியக்காரி மாதிரி அந்த முள்ளை நானே இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன். வலித்தது. எவ்வளவு அருமையான வலி.

அடுத்த கிளினிக்கில் மிஸ் ஊசி முனையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "ஆத்து மீன் தின்னேன் மிஸ்," என்றேன். சிரித்தார். நன்றாகத் தின்னுங்கள், தொண்டையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரு கேள்வி

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆற்றுக்குப் போனேன், பையோடு. பிடித்தேன், கொன்றேன், கழுவினேன், தின்றேன். விரல் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஃபரீனா தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று கறித்தூள் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

என் கணவர் மட்டும் என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். கொஞ்சம் தள்ளி, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஒரு நாள் சின்ன மீன் ஒன்று. உள்ளங்கை அளவு கூட இல்லை. அதையும் பையில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கை நல்லாவணும். எனக்கு அதவிட ஒன்னுமில்ல," என்றார். "ஆனா ஒன்னு கேக்குறேன். உன் கைக்கு எத்தன மீன் சாவணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி என்னோடு சமைத்தது, கூட்டியது, துணி மடித்தது.

சட்டிக்குப் போதுமானதை எடுக்கலாம். மிச்சத்தை விட வேண்டும். அது நியாயமாகப் பட்டது. ஆனால் விடுவதற்கும் கை வேண்டுமே. ஒழுங்காக விட முதலில் ஒழுங்காகப் பிடிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது கல்லில் போடுவது மட்டும்தான்.

குளியலறையில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்தேன். சலவைச் சோப்புக் கட்டியை அதில் போட்டேன். வலது கையால் பிடி, தூக்கு, திருப்பு. வழுக்கி விழும். மறுபடியும். சுவரெல்லாம் நுரை. "உள்ள என்னா நடக்குது?" என்று அவர் கதவைத் தட்டுவார். "நீச்சல் பழகுறேன்," என்பேன். சோப்பு பாதியாகக் கரைந்து போன பிறகு ஒரு நாள் அது என் கையை விட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிறு ஒரு திலாப்பியாவைக் கரைக்குக் கொண்டு வந்தேன். கையை நனைத்தேன். செட்டை குத்தாமல் தலைப்பக்கத்திலிருந்து தடவி மடக்கினேன். வலது கை பிடித்தது, இடது கை முள்ளைக் கழற்றியது. தண்ணீருக்குள் கொண்டுபோய், ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வால் என் மணிக்கட்டில் தட்டியது. அந்தத் தட்டு எனக்குத் தெரிந்தது. கையைத் திறந்தேன். போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

பெரியது

மழை விட்டு, கலங்கல் தெளிந்து வருகிற நேரம். அன்று ஃபரீனா தாத்தாவும் வந்திருந்தார். "ஒரு நாளைக்கி நானும் பாக்கணும், நீங்க என்ன கூத்து போடுறீங்கன்னு," என்று ஃபிளாஸ்க்கில் பால் இல்லாத பிளேன்டீயும் கொண்டு வந்து கரையில் உட்கார்ந்திருந்தார்.

என் தூண்டில் வளைந்த விதத்தில் அது திலாப்பியா இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. நைலோன் நூல் விர்ரென்று ஓடியது. என் கணவர் எழும்பி ஓடி வந்தார். வந்து, என் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தொடாதீங்க என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை.

"விடாத, இழுக்காத, ஓட விடு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விட்டுறாதீங்கோ தங்கச்சி!" என்று தாத்தா.

தோள் எரிந்தது. வலது கை பிடியை விடவில்லை. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தது. பொன் நிறச் செதில். லேஹெல்லா. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையை விட நீளம்.

தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இதை நான் விடப் போகிறேன், அவருக்காக விடப் போகிறேன் என்று அந்த நேரத்தில் முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் ரத்தத்தைக் கண்டேன். முள்ளை உள்ளே விழுங்கியிருந்தது. செவுளிலிருந்து சிவப்பாக வந்து தண்ணீரில் கலைந்துகொண்டிருந்தது.

"நூல வெட்டிரு," என்றார் அவர். "முள்ளு தன்னால கழண்டுரும். வுட்டுருவோம். பொழச்சிக்கும்."

நூலை வெட்டினார். நான் அதை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையைத் தளர்த்தினால் வயிறு மேலே வந்தது. மறுபடியும் நிமிர்த்தினேன். மறுபடியும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் புடி."

பிடித்தேன். மகாவலியின் குளிர் எலும்புக்குள் ஏறியது. ரத்தம் நிற்கவில்லை. கையைத் தளர்த்தினேன். வயிறு மேலே வந்தது.

"இது போவாதுங்க," என்றேன். "அந்த வளைவு வரைக்கும் போயி செத்துக் கெடக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அடிக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம். நான்தான் புடிச்சேன்."

கரைக்குக் கொண்டு வந்து, இடது கையால் அழுத்திப் பிடித்தேன். ஒரு கல்லை வலது கையில் எடுத்தேன். கல்லின் பாரம் தெரிந்தது, சொரசொரப்புத் தெரிந்தது, குளிர் தெரிந்தது. ஒரே அடியில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் அது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரே அடியில் முடிந்தது.

ஃபரீனா தாத்தா எழும்பி வந்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். "இப்படி அழகான மீன நான் கண்டதே இல்ல தங்கச்சி," என்றார். "இது விட வேண்டிய மீன்தான்." அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் நான்தான் வயிற்றைக் கீறினேன். அவர் குசினி வாசலில் நின்றார்.

"முட்டை இல்லங்க," என்றேன்.

தலையை ஆட்டினார். மூன்று பங்கு வைத்தேன். ஒரு பங்கு தாத்தா வீட்டுக்கு, ஒன்று மேல் வீட்டுச் சிங்கள அம்மாவுக்கு, ஒன்று எங்களுக்கு. மேசையில் அவருக்குப் பருப்பு வைக்கப் போனேன். பீங்கானைக் கறிச் சட்டிப் பக்கம் நகர்த்தினார்.

"போடு," என்றார்.

போட்டேன். அவர் மெல்லச் சாப்பிட்டார். பீங்கானில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு

மறுபடி போனோம். போகாமல் இருப்போமா என்று ஒரு நிமிஷம் கூட நான் யோசிக்கவில்லை. மீன் இரையை விழுங்குமுன் இழுக்க வேண்டும் என்று நூலை இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். கை இப்போது சொன்னால் கேட்கிறது. முழுக்க அல்ல, முக்கால்வாசி. மிச்சத்தையும் வாங்காமல் நான் விடப் போவதில்லை.

அன்று முதலில் மாட்டியது அவருக்குத்தான். நல்ல தடித்த திலாப்பியா. வழக்கமாக என்றால் நான் திரும்பிப் பார்க்குமுன் அது தண்ணீருக்குள் இருக்கும். அன்று நனைந்த கையில் அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார்.

"வசந்தா, இத என்னா செய்வோம்?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படி யாரிடமும் கேட்டதில்லை.

நான் குனிந்து பார்த்தேன். உதட்டு ஓரத்தில் சின்னத் துளை மட்டும். ரத்தம் இல்லை. வால் அவர் கையை அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கி சட்டிக்கு ஒன்னு வேணும்," என்றேன். "பொழைக்காதது ஒன்னு வந்தா அத எடுப்போம், இது வேணாம். நல்லாத்தான் இருக்கு, இது போவட்டும்."

அவர் தண்ணீரில் இறங்கினார். நான் பாணைப் பிசைந்து, முள்ளில் வைத்து, வலது கையால் வீசினேன்.